கிழமைக்கு ஒரு சந்தை: தென் ஒடிசா மலைகளில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்: ராயகடா

இன்றைக்கு எழுத அதிகமில்லை. காலையில் விசாகப்பட்டினத்தில் ரயில் ஏறி, விஜயநகரம், பொப்பிலி, பார்வதிபுரம் என்று ஆந்திரா முடிகிற வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தேன். எல்லை தாண்டியதும் சித்தப்பா தட்டி எழுப்பி "மலையைப் பாரும்மா" என்றார். பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டேன்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணமே அவருக்காகத்தான். வேளாண்மைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல், அதில் பாதி தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு காசிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "கோராபுட்டுக்குப் போகணும், அங்கதான் ராகி இன்னும் ராகியா இருக்காம்" என்றவர். எனக்கு ராகியில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. பழங்குடி மக்களின் மலைச் சந்தைகளைப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே ஊரில் இருந்ததால் சேர்ந்து கிளம்பிவிட்டோம்.

இந்தச் சந்தைகள் எல்லாம் கிழமைக் கணக்கு. புதன் சாட்டிகோணா, வியாழன் ஒனுக்குடெல்லி, வெள்ளி குந்துலி. ஒரு நாள் பிசகினால் அடுத்த வாரம்தான். அதனால் பயணத்தைச் சந்தைகளே வகுத்துவிட்டன, நாங்கள் செய்தது டிக்கெட் எடுத்தது மட்டும்.

முன்பணம் கட்டியிருந்த லாட்ஜில் அறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு இடம் தேடி அலைந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். பிப்ரவரி முதல் வாரம், ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று சித்தப்பா உத்தரவு.

இரண்டாம் நாள், புதன்: சாட்டிகோணா

ராயகடாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். நியம்கிரி மலையின் அடிவாரத்தில், பிஸம்கட்டக் பக்கம். டிரைவர் தம்பி தெலுங்கு பேசுகிறவர். எங்கள் ஓசூர்த் தெலுங்கைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

சந்தைக்கு ஒன்பது மணிக்குப் போனால் போதும், டோங்ரியா கோந்த் மக்கள் மலையிலிருந்து இறங்கி வர அவ்வளவு நேரமாகும் என்று லாட்ஜில் எல்லாரும் சொன்னார்கள். சித்தப்பா கேட்கவில்லை. "சந்தையில என்ன இருக்கப் போகுது, சரக்கு வர்ற வழியப் பாப்போம்" என்று சந்தையைத் தாண்டி, மலைப்பாதை வந்து தார் ரோட்டில் சேருகிற ஒரு சின்னப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே ஏற்கெனவே இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தராசு, காலியான சாக்குகள், பக்கத்தில் பைக்குகள். பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏழு மணி சுமாருக்கு மேலே மரங்களுக்கு நடுவே வண்ணம் தெரிந்தது. வரிசையாக, நடை என்றும் சொல்ல முடியாது ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, பாரம் தூக்கியவர்களுக்கே வரும் அந்தக் குதிநடையில் இறங்கி வந்தார்கள். பெண்கள் தலையில் கூடை, ஆண்கள் தோளில் காவடி. வாழைக்குலை, மஞ்சள், உரிக்காத புளி, தையல் இலைக்கட்டு, அப்புறம் கட்டுக் கட்டாகப் பூந்துடைப்பம். அவர்கள் பாலத்தைத் தொட்ட நொடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பாய்ந்தார்கள். பாய்ந்தார்கள் என்பது மிகை இல்லை. ஒரு பெண்ணின் கூடையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்க, அவள் நடுவில் சத்தம் போட, யார் கை வலுத்ததோ அவர் கூடையைத் தன் பைக் பக்கம் வைத்துவிட்டு அவள் கையில் நோட்டைத் திணித்தார். பேரம் என்று நமக்குத் தெரிந்த எதுவும் அதில் இல்லை. பத்து நிமிஷத்தில் அந்த வரிசை பாரம் இறங்கி, வெறுங்கையோடு சந்தையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

பதினைந்து பதினாறு வயது இருக்கும் ஒரு பெண், மூன்று கட்டுத் துடைப்பம் வைத்திருந்தாள். நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர் அதை வாங்கினார். கட்டு எவ்வளவு என்று டிரைவரைக் கேட்கச் சொன்னேன். பதினைந்து ரூபாய்.

"ஏன் இங்கேயே கொடுத்துடறாங்க? இன்னும் அரை மணி நடந்தா சந்தை வந்துருமே" என்று கேட்டேன். டிரைவர் சொன்ன பதில்: மழைக்காலத்தில் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும், அப்போது அரிசிக்கோ வைத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ இவர்களிடம்தான் கைமாற்று வாங்கியிருப்பார்கள், அதனால் கூடையை யார் பிடிக்கிறார் என்பது பெரும்பாலும் முன்பே முடிவானதுதான். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்ல மாம்பழத்துக்கு இதே கதைதான், என்ன, நம்மாளுங்க பூவுலேயே வித்துடுவாங்க" என்றார்.

சந்தைக்குள் போனால் அது வேறு உலகம். டோங்ரியா பெண்களை எங்கே நின்றாலும் அடையாளம் தெரியும். தலைமுடியில் வரிசை வரிசையாகக் கிளிப்புகள், மூக்கில் மூன்று வளையம், கழுத்து நிறையப் பாசி. ஆண்களும் முடியை வளர்த்துக் கொண்டை போட்டு அதில் சீப்பு செருகியிருக்கிறார்கள். சிலர் தோளில் கப்டாகண்டா என்கிற சால்வை, வெள்ளைத் துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை நூலால் முக்கோணம் முக்கோணமாகத் தையல். முக்கோணம் என்றால் மலை. 2024இல் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா என்று விசாரித்தேன், விலையைக் கேட்டதும் சால்வையை மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றைத் தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறபோது விலை நியாயம்தான், என் பர்ஸ்தான் சிறியது.

கருவாட்டுக் கடை முன்னால் பெரிய கூட்டம். மலையில் கிடைக்காதது உப்பும் கருவாடும்தானே, காலையில் கைக்கு வந்த நோட்டு முதலில் அங்கேதான் போகிறது. நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டி கூடையைக் கிளறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னார், அதில் "மீனு" என்று ஒரு சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது.

இந்த மக்கள் பேசும் குவி மொழி திராவிட மொழிக் குடும்பம் என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கருவாட்டுக் கூடைப் பக்கத்தில் கேட்பது வேறு. சித்தப்பா உடனே கண்ணைத் தொட்டுக் காட்டி "கண்ணு?" என்றார். பாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "கண்ணு" என்றார், இதில் என்ன அதிசயம் என்கிற தொனியில். கையைக் காட்டினால் "கேயு". அதற்கு மேல் காட்ட நேரம் கொடுக்கவில்லை, கருவாடு எடை போட்டாயிற்று. அதன் பிறகு அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பின்னால் தெரிந்த மலையைக் காட்டி டிரைவர் நியம்கிரி கதையைச் சொன்னார். கொஞ்சம் நமக்கும் தெரிந்ததுதான். மலை உச்சியில் பாக்சைட். வேதாந்தா நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்காக அதைத் தோண்டத் திட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில், கிராம சபைகளே சொல்லட்டும் என்று தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை எங்கள் தெய்வம் நியமராஜாவுடையது, விற்க நாங்கள் யார் என்பது அவர்கள் வாதம். காலையில் பாலத்தடியில் ஒரு கட்டுத் துடைப்பத்துக்குக் கூட விலை சொல்ல முடியாமல் நின்ற அதே ஆட்கள்தான் இவர்கள் என்பது எனக்கு இன்னும் மனதில் சரியாக உட்காரவில்லை.

கிளம்பும்போது நீல ஸ்வெட்டர்காரரைச் சந்தையில் பார்த்தேன். துடைப்பம் கட்டு நாற்பது ரூபாய். ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஜெயப்பூர் வரை ஐந்து மணி நேரம் சாலை. ராஜஸ்தான் இல்லை, கோராபுட் மாவட்டத்து ஜெயப்பூர். முதுகு போயிற்று. தூங்கப் போகிறேன்.

மூன்றாம் நாள், வியாழன்: ஒனுக்குடெல்லி

இது போண்டா மக்கள் வருகிற சந்தை. மல்கான்கிரி மாவட்டத்து மலை மேல் இருக்கிற ஊர்களிலிருந்து நடந்து வருகிறார்கள். மொத்தமே பன்னிரண்டாயிரம் பேர் அளவுதான். தங்களை அவர்கள் "ரெமோ" என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதற்கு மனிதர் என்று பொருள், மொழியின் பெயரும் அதுதான். நேற்றைய குவி மாதிரி இல்லை, இது முண்டா வகை, திராவிடக் குடும்பமே இல்லை, காது கொடுத்துக் கேட்டும் ஒரு "மீனு"கூடக் கிடைக்கவில்லை.

ஜெயப்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம். ஒனுக்குடெல்லி என்றால் ஏதோ காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஊர் என்று கற்பனை செய்திருந்தேன். போய் இறங்கினால் மாச்குண்ட் நீர்மின் நிலையம். 1955இல் ஓட ஆரம்பித்தது, ஆந்திராவும் ஒடிசாவும் பங்கு போட்டுக்கொள்கிற மின்சாரம். சந்தைக்குப் போகிற வழியெல்லாம் உயர் அழுத்தக் கம்பி.

வழியில் டிரைவர் சீதையின் சாபக் கதையைச் சொன்னார். சீதை சுனையில் குளிக்கும்போது போண்டாப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்களாம், இனி நீங்கள் துணி உடுத்தாமல் தலை மழித்து அலையுங்கள் என்று சபித்தாளாம். எல்லா வண்டிக்காரர்களும் எல்லாப் பயணிகளுக்கும் சொல்கிற கதை இது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் உடையைப் பார்த்து வெளி ஆள் சிரித்ததைச் சரிக்கட்ட, முதலில் சிரித்தது அவர்கள்தான் என்று கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன், "கதைய விடும்மா, ரோட்டப் பாரு" என்றார்.

பத்தரைக்குத்தான் வந்தார்கள். வயதான பெண்கள், மழித்த தலையில் ஓலைப் பட்டையும் பாசியும் கட்டி, கழுத்தில் அடுக்கடுக்காக உலோக வளையம், மார்பை மூடிப் பாசிமணிச் சரங்கள், இடுப்பில் தாங்களே நெய்த சிறு துணி. கூடையில் ராகி, புளி, கொஞ்சம் துவரை. சிலர் இலுப்பைப் பூவில் காய்ச்சியதைப் பாட்டிலில் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்து விற்கிறார்கள். வாங்கிக் குடிக்கிற கூட்டம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. இங்கேயும் வழியில் மறித்து வாங்குகிற கூட்டம் உண்டு, நாங்கள் தாமதமாக வந்ததால் அதன் முடிவைத்தான் பார்த்தோம்.

கேமராக்காரர்கள் எங்களையும் சேர்த்து ஒரு பத்துப் பதினைந்து பேர் இருப்போம். 2012இல் பழங்குடியினரைப் படம் பிடித்த ஒரு வீடியோ விவகாரத்துக்கும், அப்புறம் இரண்டு இத்தாலியர்கள் கடத்தப்பட்டதற்கும் பிறகு இந்தப் பக்கத்துப் பழங்குடி ஊர்களில் வெளிநாட்டவருக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது, அதனால் இன்றைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் நம் நாட்டுக்காரர்கள். ஒரு வழிகாட்டி, எங்களோடு வந்தவர் இல்லை, தன் ஆட்களுக்கு ஒரு பாட்டியைத் தோளைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நிறுத்திக் காட்டினார். பாட்டி அசையாமல் நின்றுவிட்டு, முடிந்ததும் கையை நீட்டினார். இருபது ரூபாய். நானும் பையிலிருந்து கேமராவை எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். எடுத்தபோது ஃபிரேமில் பாட்டிக்குப் பக்கத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண் வந்தாள், தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டப் போனேன். அப்போதுதான் அவள் பாட்டியின் கூடையைத் தூக்கிக்கொண்டு ரெமோவில் ஏதோ கடிந்து பேசுவது தெரிந்தது. பேத்தி. போண்டாப் பெண். தலையில் முடி இருந்தது, காலில் செருப்பு இருந்தது, கையில் செல்போன் இருந்தது, அதனால் அங்கிருந்த எந்தக் கேமராவுக்கும் அவள் வேண்டாம். அதற்கப்புறம் கவனித்தால் சந்தை முழுக்க அந்த மாதிரிப் பெண்கள். ரீசார்ஜ் கடையில், ரவிக்கைத் துணிக் கடையில், வளையல் கடையில் கூட்டமே அவர்கள்தான்.

படம் எடுக்கவில்லை என்று பெருமையடிக்கவில்லை, ஏற்கெனவே நாலு எடுத்திருந்தேன்.

சித்தப்பா அந்தப் பாட்டியிடமே இரண்டு படி ராகி வாங்கினார். தலைதட்டாமல் கோபுரமாக அளந்து, அதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் போட்டார் பாட்டி. கொசுறு! நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், என்னைப் பார்த்தா என் கேமராவைப் பார்த்தா தெரியாது.

நான்காம் நாள், வெள்ளி: குந்துலி

இன்றைக்கு சித்தப்பாவின் நாள்.

குந்துலி இந்த வட்டாரத்திலேயே பெரிய சந்தைகளில் ஒன்று. நேற்றுப் பார்த்ததெல்லாம் ஒரு தெரு என்றால் இது ஊர். பரஜா, கோந்த், கதபா மக்கள், கூடவே விசாகப்பட்டினத்துக்கு ஏற்றிப் போக நிற்கிற லாரிகள். இஞ்சி மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கிறது. மொச்சை, முள்ளங்கி, முட்டைக்கோஸ், மண் வாசனை. இங்கே என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. வழியில் நின்றேன் என்று ஒரு அம்மா மூட்டையால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

கிழவிகள் சிலர் இலையில் சுருட்டிய புகையிலையைப் பிடிக்கிறார்கள், நெருப்பு இருக்கிற முனை வாய்க்குள். நான் முதலில் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. அப்படியேதான். பேசும்போதுகூட வெளியே எடுப்பதில்லை.

தானிய வரிசையில் சித்தப்பா ஒரு மணி நேரம் காணாமல் போய்விட்டார். ராகிக்கு இங்கே "மாண்டியா" என்று பெயர். கர்நாடகத்து மண்டியா ஞாபகம் வந்தது, சம்பந்தம் இல்லை. சாமைக்கு "சுவான்", தினைக்கு "கங்கு". அளப்பது "மானா" என்கிற அளவுப் பாத்திரத்தில். ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டு, உள்ளங்கையில் ஊதிப் பார்த்து, வாயில் போட்டு மென்று, ஒரு பரஜா அம்மாவோடு மொழியே இல்லாமல் இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். மூன்று விதமான ராகிக் கதிர் இருந்ததாம், விரல் மூடிய மாதிரி ஒன்று, விரித்த மாதிரி ஒன்று, நடுவில் ஒன்று. "நம்ம பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்துச்சு. நாங்கதான் புது ரகம் கொடுத்து இதையெல்லாம் ஒழிச்சோம்" என்றார். குரலில் வருத்தமா கிண்டலா என்று பிடிபடவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்து அவரே சொன்னார். கோராபுட்டின் பழைய பயிர்முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2012இல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அதற்கு உழைத்ததில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முக்கியமானது, நம் கும்பகோணத்துச் சுவாமிநாதன்தான், ஜெயப்பூரில் அவர்களுக்கு ஒரு மையமே இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து பழைய நெல் விதைகளைக் காப்பாற்றியவர் கமலா பூஜாரி, பரஜா சமூகத்துப் பெண்மணி, 2019இல் பத்மஸ்ரீ, 2024இல் காலமானார். "எங்க ஆபீஸ்ல அந்தம்மா போட்டோ மாட்டியிருக்கணும்" என்றார் சித்தப்பா. டீ ஆறிப்போயிருந்தது.

விலை விஷயத்துக்கும் வந்தார். ஒடிசா அரசு 2017இலிருந்து சிறுதானியத்துக்கு என்று ஒரு திட்டம் வைத்து, ராகியைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்குகிறது. 2025-26க்கு மத்திய அரசின் விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், கிலோ ஏறக்குறைய நாற்பத்தொன்பது. அந்த அம்மா சந்தையில் சொன்னது முப்பத்தைந்து. கொள்முதல் மண்டிக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று டீக்கடைக்காரர் மூலம் கேட்டோம். பதிவு வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும், பணம் வரக் கொஞ்ச நாளாகும், அதெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், இந்த மூட்டை அந்த அம்மாவின் பங்கு, இன்றைக்கு எண்ணெய் வாங்க வேண்டும். இவ்வளவு தெளிவான பதிலை நான் எந்த அதிகாரியிடமும் கேட்டதில்லை என்றார் முன்னாள் அதிகாரி.

மத்தியானம் ராகிக் கூழ், இங்கே "பேஜ்". உப்பு, பச்சை மிளகாய், சின்னக் கருவாட்டுத் துண்டு. நம் கம்மங்கூழுக்குத் தம்பி. சித்தப்பா மூன்று சொம்பு.

ஐந்தாம் நாள், சனி: ரயிலில்

ஆந்திரப் பக்கத்து அரக்கு ஊருக்கு வந்து கிரந்துல் ரயிலைப் பிடித்தோம், ஒன்றரை மணி நேரம் தாமதம். சத்தீஸ்கரின் பைலாடிலா மலை இரும்புத் தாதை ஜப்பானுக்கு ஏற்றிப் போக 1960களில் போட்ட பாதை இது. 58 குகைகள் என்கிறார்கள், நான் இருபத்தி மூன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். வழியில் சிமிலிகுடா, 996 மீட்டர், ஒரு காலத்தில் அகலப்பாதையில் இதுதான் உயரமான நிலையம்.

அரக்கு நிலையத்துக்கு வெளியே அதே பூந்துடைப்பம், எழுபது ரூபாய். இரவு விசாகப்பட்டினத்தில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பார்த்தேன், பிளாஸ்டிக் உறை போட்டு, கைப்பிடிக்குச் சிவப்புக் குழாய் மாட்டி, நூற்றிருபது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என் கையில் இருந்ததைப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு என்று கேட்டார். நாற்பது என்றேன். "ஏமாத்திட்டாங்க மேடம், அங்க பதினஞ்சுக்கே கிடைக்கும்" என்றார்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். ராகி, மஞ்சள், இஞ்சி என்று சொல்லிக்கொண்டே வந்து துடைப்பம் என்றதும் நிறுத்தினார்.

"ஐந்து நாள் ஊர் சுத்திட்டுத் துடைப்பத்தத் தூக்கிட்டு வர்றியா? சரி சரி, ஞாயித்துக்கெழம ராத்திரிதானே வர, அத வாசல்லயே சாத்தி வச்சிட்டு உள்ள வா. சித்தப்பாகிட்ட ராகிய நனைய விடாம கொண்டு வரச் சொல்லு."